தோற்றவன் என்ன எடுத்துக்கொண்டு போகிறான்?

கோட்டக்குப்பத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருக்கிறது அந்த வீடு. வாசல் அறையில் தையல் மெஷின். அதில் அம்மா பிளவுஸ் தைக்கிறார். அப்பாவுக்கு சிங்கப்பூரில் வேலை. தாத்தா மரக்காணம் உப்பளத்தில் 34 வருடம் கணக்கு எழுதி ஓய்ந்தவர். மாடியில் சித்தப்பா குடும்பம். இத்தனை பேருக்கும் செல்லமாக, எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பையன்.

போன செப்டம்பரில் ஒரு நாள் டியூஷன் மாஸ்டரிடமிருந்து போன் வந்தது. "மூணு மாசமா ஃபீஸ் வரலைங்களே. பையன்கிட்ட கேட்டா அடுத்த வாரம், அடுத்த வாரம்னு சொல்றான்."

மாதம் 1,500 ரூபாய். ஒன்றாம் தேதி தவறாமல் அம்மா எண்ணிக் கொடுத்த பணம். மொத்தம் 4,500.

பையன் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் அம்மா வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டார். கட்டிலுக்கு அடியில் ஒரு ஷூ பெட்டி. அதற்குள் பளபளவென்று பத்து காலி பாக்கெட்டுகள், கசங்காமல் நீவி அடுக்கியிருந்தன. அவற்றின் கீழே நூறு அட்டைகள். நெருப்பு கக்கும் பல்லி, மஞ்சள் எலி, ஆமை முதுகில் பீரங்கி.

பையன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேள்வி வந்தது.

"சீட்டா? இந்த வீட்டிலயா?"

அந்தச் சொல்லை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. மாதாந்திர ஏலச் சீட்டுக்குக்கூட அம்மா 'ஏலப் பணம்' என்றுதான் சொல்வார். காரணம் மாடியில் இருக்கும் சித்தப்பா. இரண்டு வருடங்களுக்கு முன் கைப்பேசியில் ரம்மி ஆடி, சித்தியின் 11 பவுனை அடகுக் கடையில் வைத்தவர். அது மூழ்கிப்போனது. சித்தி பிறந்த வீட்டுக்குப் போய், ஒரு வருடம் கழித்துத்தான் திரும்பி வந்தார். இன்றைக்கும் சித்தப்பா சாப்பிட உட்கார்ந்தால் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அம்மா ஷூ பெட்டியையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். பையன் அழவில்லை. அழாமல் நின்றதுதான் தாத்தாவுக்குப் பயமாக இருந்தது.

"கொளுத்தறதுன்னா கொளுத்திக்கலாம்மா. ஆனா சாம்பலுக்குக் கணக்கு எழுத முடியாது. முதல்ல இது என்னன்னு நான் பார்த்துடறேன்."

"பார்க்கறதுக்கு என்ன மாமா இருக்கு? உங்க சின்ன மகனைப் பார்த்தது போதாதா?"

"அவனைப் பார்க்காம விட்டதாலதானே அப்படி ஆச்சு?"

அம்மா தீப்பெட்டியைத் திண்ணையில் வைத்தார்.

மூன்று கேள்விகள்

அன்று ராத்திரி தாத்தா பழைய பழக்கப்படி ஒரு நீள நோட்டை எடுத்தார். ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே மூன்று கேள்விகள் எழுதிக் கோடு போட்டார்.

பணம் எங்கிருந்து வருகிறது? பரிசு யாருக்குப் போகிறது? தோற்றவன் என்ன எடுத்துக்கொண்டு போகிறான்?

"இது எந்தக் கம்பெனி, எப்படி ஆடறது, என்ன பரிசு... ஒண்ணு விடாம சொல்லு. பொய் சொன்னா எனக்குத் தெரியாது. ஆனா கூட்டல் சரியா வராது, அப்ப தெரிஞ்சுடும்."

முதல் பக்கம் பாக்கெட்டுக்கு. ஒரு பாக்கெட் 450 ரூபாய், உள்ளே பத்து அட்டை. எது வரும் என்று பிரிக்கும் வரை தெரியாது. பத்து பாக்கெட், 4,500 ரூபாய்.

"இப்ப இதையெல்லாம் வித்தா என்ன வரும்?"

பையன் கைப்பேசியில் தேடினான். ஓர் அட்டைக்கு 700. இன்னொன்றுக்கு 300. மிச்சம் 98-ம் சேர்த்து யாராவது எடுத்தால் 150. தாத்தா கூட்டினார்: 1,150. கழித்தார்: 3,350. அந்தத் தொகைக்கு அடியில் இரண்டு கோடு இழுத்தார்.

"நான் விக்கறதுக்கு வாங்கலை தாத்தா."

"சரி. பின்ன எதுக்கு வாங்கின? வேணுங்கற அட்டை வந்துச்சா?"

"இல்ல. அடுத்ததுல வரும்னு..."

மாடிப்படியில் சத்தம். சித்தப்பா எவ்வளவு நேரமாக அங்கே நின்றிருந்தார் என்று தெரியவில்லை. இறங்கி வந்து, பையனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"பாக்கெட்டைப் பிரிக்கும்போது கை லேசா நடுங்குச்சா?"

பையன் தலையாட்டினான்.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றார் சித்தப்பா. இரண்டு வருடத்தில் அதைப் பற்றி அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரி தடை செய்யப்பட்டபோது, பஸ் ஸ்டாண்டில் சீட்டு விற்ற கடைகள் ஒரே நாளில் காணாமல் போனதை தாத்தா சொன்னார். சுரண்டிப் பார்க்கும் சீட்டு, கிழித்துப் பார்க்கும் சீட்டு எல்லாம் அவர் பார்த்தவைதான். பாக்கெட் பக்கத்தின் அடியில் 'இது ஆட்டம் இல்லை. ஆட்டத்துக்கு முன்னால் நடக்கிற வியாபாரம்' என்று எழுதினார்.

"சரி, இனி ஆட்டத்தைச் சொல்லு."

கோலி குண்டில் ஆரம்பித்த கதை

பத்து நாள் நடந்தது அந்த விசாரணை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம். பையன் தேடிப் படித்துச் சொல்வான், தாத்தா எழுதுவார். வாசல் அறையில் தையல் மெஷின் ஓடும். ஆனால் நடுநடுவே அது நின்று நின்று ஓடியதைத் தாத்தா கவனித்தார்.

இந்த விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்தது 'மேஜிக்: தி கேதரிங்'. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் உருவாக்க, 1993-ல் 'விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' கம்பெனி வெளியிட்டது. அதன் முதல் விதிகளில் ஒரு விசேஷம் இருந்தது. ஆட்டம் தொடங்குமுன் இருவரும் தங்கள் கட்டிலிருந்து பார்க்காமல் ஓர் அட்டையை எடுத்து ஓரமாக வைக்க வேண்டும். ஜெயித்தவருக்கு இரண்டும் சொந்தம்.

"கோலி குண்டு மாதிரி" என்றார் தாத்தா. "ஜெயிச்சவன் குண்டை எடுத்துக்குவான். தோத்தவன் காலி ஜோபியோட வீட்டுக்கு வந்து அடி வாங்குவான்."

அந்த விதி நிலைக்கவில்லை. பணம் கொடுத்து வாங்கிய அட்டையை இழக்க யாருக்கும் மனமில்லை. சூதாட்டம் என்ற பேச்சும் வந்தது. போட்டிகளில் அந்த விதிக்கு இப்போது இடமே இல்லை. அதைச் சார்ந்த அட்டைகளுக்கும் தடை. ஆடுகிறவர்கள் தங்களுக்குள் பந்தயம் கட்டினாலே தண்டனை உண்டு.

அதற்குப் பதிலாகக் கம்பெனியே பரிசு கொடுக்க ஆரம்பித்தது. 1996-ல் நியூயார்க்கில் முதல் 'புரோ டூர்', ரொக்கப் பரிசோடு. 2023-ல் லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போட்டியின் மொத்தப் பரிசு பத்து லட்சம் டாலர். முதலிடம் பிடித்த பிரெஞ்சுக்காரருக்கு ஒரு லட்சம் டாலர். இன்னொரு பக்கம், 2000-லிருந்து வெள்ளிக்கிழமை இரவுகளில் பக்கத்துக் கடைகளில் சின்னச் சின்னப் போட்டி. அங்கே பரிசு, கடையில் வாங்கக் கிடைக்காத ஒன்றிரண்டு சிறப்பு அட்டைகள்.

தாத்தா எழுதிக்கொண்டார்: 'உச்சியில் ரொக்கம். அடியில் அட்டை.'

பணம் கொடுப்பவர்கள், கொடுக்காதவர்கள்

பையனுடைய ஷூ பெட்டியில் இருந்தது போக்கிமான். ஜப்பானில் 1996-ல் அட்டையாக வந்தது. அதன் போட்டிகளில் தாத்தாவுக்குப் பிடித்தது வயதுப் பிரிவு. பிறந்த ஆண்டை வைத்து ஜூனியர், சீனியர், மாஸ்டர்ஸ் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். சின்னப் பிள்ளை, மீசை முளைத்தவனோடு மோத வேண்டியதில்லை. கடைப் போட்டியில் ஜெயித்தால் புள்ளி. புள்ளி சேர்ந்தால் உலகப் போட்டிக்கு அழைப்பு. மேலே இருக்கும் சிலருக்குப் பயணச் செலவும் கிடைக்கும். 2004-ல் முதல் உலகப் போட்டி நடந்தபோதும் அதற்குப் பிறகு சில ஆண்டுகளும் பரிசைப் படிப்பு உதவித்தொகையாகத்தான் கொடுத்தார்கள். பிறகு ரொக்கமானது.

தையல் மெஷின் நின்றது. "படிப்புக்கா கொடுத்தாங்க?" என்று உள்ளிருந்து குரல். பத்து நாளில் அம்மா கேட்ட முதல் கேள்வி.

"ஆமாம்மா. உலகப் போட்டியில ஜெயிச்சவங்க அட்டைக் கட்டை, அவங்க பேரோட அப்படியே அச்சடிச்சு வித்தாங்க. சின்னப் பசங்களோடதையும். ஆனா அதை வெச்சுப் போட்டியில ஆட முடியாது. ஞாபகத்துக்குத்தான்."

2024-ல் ஹொனலூலுவில் நடந்த உலகப் போட்டியில், சிலி நாட்டைச் சேர்ந்த 18 வயது ஃபெர்னாண்டோ சிஃபுவெண்டஸ் முதலிடம் பிடித்து 50,000 டாலர் வென்றார். அவருடைய அரையிறுதிதான் வேடிக்கை. ஆட்டத்தில் அவர் தோற்றிருந்தார். ஆனால் எதிராளி ஜெயித்த வேகத்தில் கேமரா முன்னால் ஆபாசமாகச் சைகை காட்ட, நடுவர்கள் அவரைத் தண்டித்து, சிஃபுவெண்டஸை இறுதிக்கு அனுப்பினார்கள்.

"ஜெயிச்சவன் கையை அடக்கலைன்னா ஜெயிச்சதும் போச்சு" என்று தாத்தா சொன்னார். நோட்டில் எழுதவில்லை, பையனைப் பார்த்துச் சொன்னார்.

அடுத்த பக்கம் யூ-கி-ஓ. கம்பெனி பெயர் கொனாமி. இங்கே கதை வேறு. பெரிய போட்டியில் ஜெயித்தாலும் ரொக்கம் தருவதில்லை. கோப்பை, விளையாட்டு விரிப்பு, வீடியோ கேம் சாதனம், முக்கியமாகக் கடையில் கிடைக்காத பரிசு அட்டைகள். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 'டிராகன் டூயல்' என்று தனிப் போட்டி.

"காசு இல்லைன்னா நல்லதுதானே?" என்று அம்மா இப்போது வாசற்படியிலேயே வந்து நின்றார்.

பையன் யோசித்துச் சொன்னான். "அப்படியும் சொல்ல முடியாதும்மா. அந்தப் பரிசு அட்டையை வித்தா நிறைய பணம் வரும். 1997, 98-ல ஜப்பான்ல படம் வரையற போட்டியில ஜெயிச்ச பசங்களுக்கு போக்கிமான் அட்டை ஒண்ணு கொடுத்தாங்க. அது மாதிரி ஒரு அட்டையை 52 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கு வாங்கினாரு ஒருத்தர். 2022-ல கின்னஸ்ல வந்துச்சு."

தாத்தா பேனாவைக் கீழே வைத்தார். "கூலியைப் பணமா கொடுத்தா கணக்கு அன்னிக்கே முடிஞ்சிடும். மூட்டையா கொடுத்தா, சந்தை என்ன சொல்லுதோ அதுதான் கூலி. இவங்க மூட்டையா கொடுக்கறாங்க."

வாங்குகிற பொருளோடு சேர்த்துத் தரும் பரிசுக்கு ஜப்பானில் சட்டமே ஓர் எல்லை வைத்திருக்கிறது. 1962-ல் வந்த சட்டம் அது. பொருளின் விலையைப் போல 20 மடங்கு அல்லது ஒரு லட்சம் யென், இதில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. பரிசு ஆசை காட்டித் தேவையில்லாததை வாங்க வைக்கக் கூடாது என்பதுதான் நோக்கம்.

2022-ல் பண்டாய் கம்பெனி கொண்டுவந்த ஒன் பீஸ் விளையாட்டும் ஏறக்குறைய இதே வழிதான். வென்றவருக்கு முத்திரை குத்திய அட்டை, எண் அச்சிட்ட அட்டை. நியூசிலாந்திலிருந்து 2019-ல் வந்த 'ஃபிளெஷ் அண்ட் பிளட்' மேஜிக்கின் வழியைப் பிடித்தது. பெரிய போட்டிகளில் ரொக்கம், வாராவாரம் கடைகளில் சின்ன ஆட்டம், அங்கே பரிசு அட்டை.

ஐந்து கம்பெனி, ஐந்து பக்கம். தாத்தா எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு பழைய கதையை எடுத்தார்.

"1999-ல உங்க அப்பன் உன் வயசுல இருந்தான். பிரிட்டானியா பிஸ்கட் கவரைச் சேர்த்தா இங்கிலாந்துல நடக்கற உலகக் கோப்பைக்குப் போகலாம்னு விளம்பரம். நூறு பாயின்ட் சேரணும். தெருவுல கிடந்த கவரையெல்லாம் பொறுக்கினான். மூணு வேளையும் பிஸ்கட். நூறு சேர்த்துக் கடையில கொடுத்து, ஒரு புத்தகம் வாங்கிட்டு வந்தான். இங்கிலாந்துக்கு அவன் போகலை. ஆனா அந்தப் புத்தகத்தைத் தலைமாட்டுல வெச்சுக்கிட்டு ஒரு மாசம் தூங்கினான்."

அடுத்த ஞாயிறு வீடியோ காலில் அப்பா திட்டத் தொடங்கியதும், தாத்தா குறுக்கே விழுந்து கேட்டார்: "ஏம்பா, பிஸ்கட் புத்தகம் ஞாபகம் இருக்கா?" சிங்கப்பூரில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு சிரிப்பு.

அம்மாவின் கேள்வி

ஆனால் அம்மா விடவில்லை. "எல்லாம் சரி மாமா. ரம்மியும் அறிவு விளையாட்டுன்னுதானே சொன்னாங்க? கோர்ட்டே சொல்லுச்சுன்னு உங்க மகன் அன்னிக்கு எங்கிட்ட வாதாடலையா?"

உண்மைதான். ரம்மியில் திறமையே பிரதானம் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொன்னது. தமிழ்நாடு அரசு கொண்டுவந்த இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தைப் பொதுவாக ஏற்றாலும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று பட்டியல் போட்டது செல்லாது என்றது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்றே பார்க்காமல், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை மொத்தமாகத் தடை செய்தது.

"திறமையான்னு கேக்கறது பாதிக் கேள்விம்மா" என்றார் தாத்தா. "நம்ம வீட்டுப் பையன் திறமை இல்லாதவனா? தோத்தா எவ்வளவு போகும்னு அதுல எல்லை இல்லை. அதுதான் விஷயம். ஒருத்தன் ஜெயிக்கற காசு இன்னொருத்தன் தோத்த காசு. ராத்திரி ரெண்டு மணிக்கும் கடை திறந்திருக்கும்."

சித்தப்பா மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து போகவில்லை.

"இந்த அட்டைப் போட்டியில நுழைவுக் கட்டணம் ஒரு தடவைதான். தோத்தாலும் அட்டை அவனோடது. பரிசைக் கம்பெனி கொடுக்குது, இல்லைன்னா கடைக்காரர் கொடுக்கறார். ஆனா கம்பெனிக்கு அந்தக் காசு எங்கேர்ந்து வருது? பாக்கெட் வித்த காசுதான். யாரோ ஒரு பையன் டியூஷன் ஃபீஸை எடுத்து வாங்கின பாக்கெட். அதனால..."

தாத்தா பையனைப் பார்த்தார்.

"பாக்கெட் வாங்கக் கூடாது. ஆட்டம் ஆடலாம்" என்றான் பையன் மெதுவாக.

"செஸ் ஆடக் கூடாதா? கேரம் ஆடக் கூடாதா?" என்றார் அம்மா. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சென்னையில் ஆட்டோ ஓட்டுநர் மகள் காசிமா, 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்தபோது, தமிழ்நாடு அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. அதே டிசம்பரில் 18 வயது குகேஷ் உலக செஸ் சாம்பியன் ஆனபோது ஐந்து கோடி. கேரம் போர்டு ஒன்று இருந்தால் தெருவே ஆடலாம். அதற்கு மாதா மாதம் புது பாக்கெட் வராது.

"ஆடட்டும். அதையும் ஆடட்டும்" என்றார் தாத்தா. "இவனுக்கு இது பிடிச்சிருக்கு. பிடிச்சதைக் கொளுத்தினா ஒளிச்சு வெச்சு ஆடுவான். ஒளிச்சு வெச்சதுதான் இந்த வீட்டுல குடியைக் கெடுத்தது."

ஆறு பரிசு அட்டைகள்

கடைசி நாள் பையன் தாத்தாவுக்கு ஆட்டத்தையே சொல்லிக் கொடுத்தான். ஆளுக்கு 60 அட்டை. கலைத்துப் போட்டு, ஏழு அட்டையைக் கையில் எடுத்த பிறகு, ஆறு அட்டையைக் கவிழ்த்து ஓரமாக வைக்க வேண்டும். அதற்குப் பெயரே பரிசு அட்டை. எதிராளியின் போக்கிமானை வீழ்த்தும்போதெல்லாம் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆறையும் எடுத்தவர் ஜெயித்தவர்.

"யாரோட அட்டையை எடுக்கறது? அவனோடதையா?"

"இல்ல தாத்தா. என்னோடதைத்தான். நான் வெச்சதை நானே ஜெயிச்சு எடுக்கணும்."

தாத்தாவுக்கு இது ரொம்ப நேரம் மனதில் ஓடியது. கோலி குண்டில் அடுத்தவன் ஜோபியிலிருந்து எடுப்பது. இதில் தன்னுடையதையே ஒதுக்கி வைத்து, உழைத்துத் திரும்பப் பெறுவது.

மறுநாள் ஷூ பெட்டியிலிருந்து பையனுக்கு உயிரான ஆறு அட்டைகளை அவனையே பொறுக்கச் சொல்லி வாங்கி, தன் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

"4,500 ரூபாய். ஆறால வகுத்தா 750. அம்மாகிட்ட 750 அடைச்சா ஒரு அட்டை."

"எனக்கு ஏது தாத்தா பணம்?"

பதில் அம்மாவிடமிருந்து வந்தது. "ஒரு பிளவுஸுக்குக் கொக்கி வெச்சு, கையால ஹெம்மிங் பண்ணா பத்து ரூபாய். வெளியில கொடுக்கற வேலைதான். செய்யறியா?"

எழுபத்தைந்து பிளவுஸுக்கு ஓர் அட்டை. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்ததால் மெஷினுக்குப் பக்கத்தில் துணி மலையாகக் கிடந்தது. முதல் வாரம் விரலெல்லாம் ஊசிக் குத்து. கொக்கியும் வளையமும் நேராக வராமல் மூன்று பிளவுஸைப் பிரித்துத் தைத்தான். பிரித்ததற்குக் கூலி கிடையாது என்றார் அம்மா. ஆனால் அந்த வேலைக்கு ஒரு குணம் உண்டு. கை மட்டும்தான் ஓடும், வாய் சும்மா இருக்கும். டியூஷன் பணத்தை முதல் மாதம் எடுத்தபோது அடுத்த மாதம் வைத்துவிடலாம் என்று நினைத்ததை அவன் அப்போதுதான் சொன்னான். அம்மா ஊசியைப் பார்த்தபடி "ம்" என்றார். மாடியில் இருப்பவரும் இதையேதான் சொன்னார் என்று அவர் நினைத்திருக்கலாம். சொல்லவில்லை.

தீபாவளிக்குள் ஓர் அட்டை இரும்புப் பெட்டியிலிருந்து வெளியே வந்தது. நவம்பரில் ஒன்று. பொங்கல் சமயத்தில் ஒன்று. மீதி 94-ல் கடற்கரைக் கடையில் யாரோ விற்ற தங்க நிறப் போலி அட்டைகள் எதுவும் கலந்திருக்கவில்லையே என்று தாத்தா ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். போலியைப் போட்டியில் சேர்க்க மாட்டார்கள் என்று பையன் சொல்லியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை, நான்கு சுற்று

ஜனவரி கடைசியில் சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்த ஒருவரிடம் அப்பா ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருந்தார். பிரித்துப் பார்த்து அதிர்ஷ்டம் தேடும் பாக்கெட் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலேயே எழுதியிருக்கும், அப்படியே ஆடக்கூடிய 60 அட்டைக் கட்டு. எல்லாக் கம்பெனிகளும் இப்படி ஒன்று விற்கின்றன. பையன் வாங்காமல் விட்டதும் இதைத்தான்.

அடுத்த ஞாயிறு தாத்தாவும் பேரனும் டவுன் பஸ் ஏறி பாண்டிச்சேரி போனார்கள். ஒரு காபிக் கடையின் மாடியில் சின்னப் போட்டி. கட்டணம் 200 ரூபாய். பதினான்கு பிள்ளைகள். நான்கு சுற்று. 'சுவிஸ் முறை' என்றார்கள். 1895-ல் சூரிச் செஸ் போட்டியில் தொடங்கிய முறை. 2022-ல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடில் 11 சுற்றும் இந்த முறையில்தான் நடந்தது. தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. அடுத்த சுற்றில் தன்னைப் போல் புள்ளி வைத்திருப்பவரோடு உட்கார வேண்டியதுதான்.

தாத்தா நாற்காலியைச் சுவரோரம் போட்டுக்கொண்டு பார்த்தார். மேசையில் காசு இல்லை. ஆட்டத்துக்கு முன்னால் கை குலுக்கினார்கள். முடிந்ததும் மறுபடியும். பேரன் முதல் சுற்றில் தோற்றான். இரண்டாவதில் ஜெயித்தான். மூன்றாவது சுற்றில் ஐந்து பரிசு அட்டையை எடுத்துவிட்டு, ஆறாவதுக்குக் கை நீளும் நேரத்தில் தோற்றான். நான்காவதிலும் தோல்வி. பதினான்கு பேரில் ஒன்பதாவது இடம்.

முதலில் வந்த பெண்ணுக்கு ஒரு விரிப்பும் நான்கு பாக்கெட்டும். மற்ற எல்லோருக்கும் தலைக்கு ஒரு பாக்கெட்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பையன் அதைப் பிரித்தான். தாத்தா அவன் கையைப் பார்த்தார். பத்து அட்டை. எல்லாம் சாதாரணம். "ஒண்ணும் இல்ல தாத்தா" என்று பையில் போட்டுக்கொண்டு, மூன்றாவது சுற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். அந்த அட்டையை ஒரு முறை முன்னாடியே இறக்கியிருக்க வேண்டும். இல்லை, இறக்கியதுதான் சரி, அவன் அதை எதிர்பார்த்துவிட்டான். அந்தப் பையன் வில்லியனூராம், அடுத்த மாதமும் வருவானாம். முத்தியால்பேட்டை தாண்டியது, கோட்டக்குப்பம் வந்தது, தெருவில் இறங்கி நடந்தார்கள். பேச்சு நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கொக்கி டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு அம்மாவிடம் மறுபடி முதல் சுற்றிலிருந்து தொடங்கினான். சித்தப்பா படியிறங்கி வந்து, "அந்த ஆறாவது அட்டை என்னவா இருந்துச்சு?" என்று கேட்டார். பையன் நிமிர்ந்து பதில் சொன்னான். சித்தப்பாவும் அவன் முகத்தைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, அம்மா கூடத்தில் கிடந்த நீள நோட்டைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் அன்றைய தேதி. பணம் எங்கிருந்து வருகிறது? கட்டணம் 200, பஸ் செலவு தனி. பரிசு யாருக்குப் போகிறது? முதலிடத்துக்கு விரிப்பு, நான்கு பாக்கெட். மற்றவர்களுக்கு ஒன்று.

தோற்றவன் என்ன எடுத்துக்கொண்டு போகிறான்?

அதற்கு நேரே தாத்தாவின் சாய்வான கையெழுத்தில் இருந்தது: 'தெரியவில்லை. இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறான்.'

அம்மா நோட்டை மூடி வைத்தார். இரும்புப் பெட்டியில் இன்னும் மூன்று அட்டை பாக்கி. மெஷின் பக்கத்தில், கொக்கி வைக்க வேண்டிய பிளவுஸ்கள் மடித்தபடி இருந்தன. அதில் ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். கொக்கிகள் ஆறும் ஒரே கோட்டில் இருந்தன.